ரெண்டு சீட்டுலயும் இருக்குறது ஒரே பவர்தான்: சிலிண்டர் பவர் பத்தி ஒரு விரிவான பதில்

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன். உங்களுக்கு 24 வயசு, காலேஜ் நாள்ல இருந்து ரெண்டு கண்ணுக்கும் வெறும் மைனஸ் 1.75 கண்ணாடி போட்டுட்டு இருந்தீங்க, சாயங்காலம் ஆனா தலைவலி வரும். இப்ப ஒரு ஆப்டிகல் கடையில செக் பண்ணிட்டு அஸ்டிக்மாடிசம் இருக்குன்னு சொல்லி வலது கண்ணுக்கு மைனஸ் 1.00, சிலிண்டர் (ஒரு திசையில மட்டும் சேர்க்குற பவர்) மைனஸ் 1.75, ஆக்ஸிஸ் (அது உட்கார வேண்டிய திசை, டிகிரியில) 170னும், இடது கண்ணுக்கு மைனஸ் 0.75, சிலிண்டர் மைனஸ் 2.00, ஆக்ஸிஸ் 10னும் எழுதிக் குடுத்திருக்காங்க. சந்தேகம் வந்து ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.75 போட்டு, வலதுக்கு சிலிண்டர் பிளஸ் 1.75 ஆக்ஸிஸ் 80, இடதுக்கு சிலிண்டர் பிளஸ் 2.00 ஆக்ஸிஸ் 100னு எழுதியிருக்காங்க. ரெண்டு இடத்துலயும் லென்ஸ் போட்டதும் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்க. ஆனா ஒரே வாரத்துல பவர் எப்படி இவ்வளவு ஏறும், யாரு சொல்றது சரி, கடையில செஞ்ச புதுக் கண்ணாடி போட்டா தரை ஏன் சாயுது, கண் எக்ஸர்சைஸ்ல போகுமா, லேசர் பண்ணலாமான்னு கேக்குறீங்க. போற போக்குல "கண்ணு அடிக்கடி அரிக்கும், நல்லா கசக்கி விட்டாதான் அடங்கும்"னும் ஒரு வரி எழுதியிருக்கீங்க. அந்த வரிக்கு நான் பின்னாடி வரேன், உங்க கேள்வி முழுசுலயும் எனக்கு முக்கியமா பட்டது அதுதான்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், ரொம்ப வருஷமா தினமும் பவர் செக் பண்றதுதான் வேலை. உங்க சீட்டைப் படிச்ச உடனே சொல்லக்கூடியது ஒண்ணு இருக்கு, இதுல எனக்குத் துளி சந்தேகம் இல்ல: ரெண்டு பேரும் எழுதினது ஒரே பவர். எழுதுற முறைதான் வேற. உங்க பவர் ஏறவே இல்ல, பயப்படாதீங்க.

எப்படின்னு சொல்றேன். கண்ணோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குற பகுதி கார்னியா, தமிழ்ல கருவிழின்னு சொல்றோம். வெளிச்சத்தை மடக்கி உள்ள ஒரே இடத்துல சேர்க்குற வேலையில மூணுல ரெண்டு பங்கு இதுதான் செய்யுது, சுமார் 43 டயாப்டர் (பவரை அளக்குற அலகு). மீதியை உள்ள இருக்குற லென்ஸ் பார்த்துக்கும். இந்தக் கார்னியா எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இருந்தா பிரச்சனை இல்ல. குழம்பு ஊத்துற குழிக்கரண்டியோட முதுகு எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே வளைவுதான், ஆனா சாப்பிடுற ஸ்பூனோட முதுகு நீளவாக்குல ஒரு வளைவு, குறுக்குவாக்குல இன்னொரு வளைவு, அஸ்டிக்மாடிசம்ங்கறது கார்னியா அந்த ஸ்பூன் மாதிரி இருக்குறது. அப்ப மேல கீழா வர்ற வெளிச்சம் ஒரு தூரத்துலயும், இடம் வலமா வர்ற வெளிச்சம் வேற தூரத்துலயும் சேருது. ஒரு புள்ளி புள்ளியா விழாம கோடா இழுபடுது.

உங்க வலது கண்ணுக்கு அளவு என்னன்னா, படுக்கைவாக்குல தேவைப்படற பவர் மைனஸ் 1.00, நெட்டுவாக்குல தேவைப்படறது மைனஸ் 2.75. அவ்வளவுதான் விஷயம். கடைக்காரர் மைனஸ் 1.00ல ஆரம்பிச்சு, நெட்டுவாக்குல மட்டும் இன்னும் 1.75 மைனஸ் சேருங்கன்னு எழுதியிருக்கார், ஆஸ்பத்திரியில மைனஸ் 2.75ல ஆரம்பிச்சு, படுக்கைவாக்குல மட்டும் 1.75 திருப்பி எடுங்கன்னு எழுதியிருக்காங்க, ரெண்டு வழியில போனாலும் வந்து சேர்ற இடம் ஒண்ணுதான். சரிபார்க்குறதும் சுலபம். முதல் நம்பரையும் சிலிண்டரையும் கூட்டுங்க, மைனஸ் 1.00 கூட மைனஸ் 1.75, மைனஸ் 2.75 வந்துடுச்சு. சிலிண்டர்ல மைனஸைப் பிளஸ் ஆக்குங்க. ஆக்ஸிஸ்ல 90 கழிங்க, 170 போய் 80 ஆயிடும். கழிக்க முடியாதபடி சின்ன நம்பரா இருந்தா 90 கூட்டணும், அதனாலதான் உங்க இடது கண்ணுல 10 போய் 100 ஆச்சு. கண்ணாடிக் கடைங்க பெரும்பாலும் மைனஸ் சிலிண்டர்லதான் வேலை பார்ப்பாங்க, ஆஸ்பத்திரிகள்ல சில டாக்டருங்க பிளஸ்ல எழுதுவாங்க. இதைப் பேஷன்ட்டுக்கு ஒரு நிமிஷம் விளக்கினா போதும், ஆனா கூட்டத்துல யாரும் விளக்குறதில்ல, வீட்டுக்குப் போய் ரெண்டு சீட்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு மனுஷங்க ராத்திரி தூங்காம கஷ்டப்படறாங்க. இது எனக்கு நிஜமாவே வருத்தமான விஷயம்.

இப்ப உங்க பழைய கண்ணாடிக்கு வருவோம், அங்கதான் தலைவலிக்கான காரணம் இருக்கலாம். சிலிண்டரைப் பாதியா பிரிச்சு முதல் நம்பரோட சேர்த்தா வலதுக்கு மைனஸ் 1.87ம் இடதுக்கு மைனஸ் 1.75ம் வருது. அதாவது முன்னாடி யாரோ சிலிண்டரை விட்டுட்டு நடுவாந்தரமா ஒரு பவர் போட்டுக் குடுத்திருக்காங்க. உங்க சிலிண்டர் அப்பவே இருந்திருக்கணும்னு இதை வச்சு ஓரளவு ஊகிக்கலாம், உறுதியா சொல்லணும்னா பழைய சீட்டோ மெஷின் பிரிண்ட்டோ வேணும். நடுவாந்தர பவர்ல பார்வை தேவலாம்னு இருக்கும், பஸ் போர்டும் படிச்சிடுவீங்க, ஆனா எதுவும் கூர்மையா இருக்காது. உங்க வலது கண்ணுல நெட்டுவாக்குல 1.00 குறைச்சலும் படுக்கைவாக்குல 0.75 அதிகமும் போட்ட கதை. கண்ணு சும்மா இருக்காது, உள்ள இருக்குற தசையை இறுக்கி இறுக்கி ஒரு தடவை படுக்கைக் கோட்டைத் தெளிவாக்கும், ஒரு தடவை நெட்டுக் கோட்டைத் தெளிவாக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல முடியாது. நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல இந்த வேலை நடந்தா சாயங்காலம் நெத்தி வலிக்கத்தான் செய்யும். எழுத்துக்குப் பக்கத்துல இன்னொரு மெல்லிசான எழுத்து நிழல் மாதிரி நிக்குறது, ண-வுக்கும் ன-வுக்கும் சுழி எண்ண முடியாம போறது எல்லாம் இதோட அடையாளம். அதுக்காக எல்லா தலைவலிக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். புதுக் கண்ணாடி ஒரு மாசம் ஒழுங்கா போட்டும் தலைவலி போகலன்னா அது கண்ணைத் தாண்டின விஷயமா இருக்கலாம், ஒரு பொது டாக்டரைப் பாருங்க.

ஆக்ஸிஸ்ங்கறது எந்தத் திசையில அந்த சிலிண்டர் உட்காரணும்ங்கறது. இதைப் பத்தி யாரும் கவலைப்படறதே இல்ல, எல்லாரும் நம்பர் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. ஆனா சிலிண்டர் கண்ணாடியில திசை தப்பினா நம்பர் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. 5 டிகிரி திரும்பினா சிலிண்டரோட பலன்ல கிட்டத்தட்ட 17 சதவீதம் போயிடும், 10 டிகிரி திரும்பினா மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும், 30 டிகிரி திரும்பினா சிலிண்டரே போடாத மாதிரிதான். இதெல்லாம் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறாது. பிரேமை நெத்திக்குத் தூக்கி மாட்டுறது, தலைகாணிக்கு அடியில வச்சு ஒரு பக்கக் காம்பு வளையுறது, சிலிண்டர் உள்ளவங்களுக்கு இதெல்லாம் பவர் மாறின மாதிரியே தெரியும். உங்க கண்ணாடியில சிலிண்டர் இருக்கான்னு நீங்களே பார்க்கலாம்: கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிகிட்டு, லென்ஸ் வழியா கதவு நிலையோட நேர்க்கோட்டைப் பாருங்க, அப்படியே லென்ஸை ஸ்டீயரிங் திருப்புற மாதிரி மெதுவா ரெண்டு பக்கமும் திருப்புங்க. லென்ஸுக்குள்ள தெரியுற கோடு வெளியே இருக்குற கோட்டோட ஒட்டாம சாஞ்சு சாஞ்சு ஆடினா சிலிண்டர் இருக்கு. உங்க பழைய கண்ணாடியில இப்படிப் பண்ணுங்க, கோடு அசையாது. புதுசுல பண்ணுங்க, வித்தியாசம் கண்ணு முன்னாடி தெரியும்.

தரை சாயுறதுக்கும் சிலிண்டர்தான் காரணம். சிலிண்டர் லென்ஸ் ஒரு திசையில உருவத்தைச் சின்னதாக்குற அளவுக்கு இன்னொரு திசையில ஆக்காது, அதனால டைல்ஸ் கோடு வளையும், படிக்கட்டு ஆழமா தெரியும், வாசல்படி ஒரு பக்கம் உயர்ந்த மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் சிலிண்டரே இல்லாம இருந்துட்டு திடீர்னு 1.75ம் 2.00ம் போட்டா மூளைக்குப் பழக ஒரு வாரம், சிலருக்கு ரெண்டு வாரம் ஆகும். காலையில எழுந்ததும் போட்டுட்டு ராத்திரி வரைக்கும் கழட்டாதீங்க, நடுவுல பழைய கண்ணாடிக்கு மாறினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். முதல் ரெண்டு மூணு நாள் மட்டும் வண்டி ஓட்டாதீங்க, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க. ரெண்டு வாரம் தாண்டியும் சாஞ்சா அதைப் பொறுத்துக்க வேண்டிய அவசியம் இல்ல, கடைக்குப் போய் லென்ஸோமீட்டர்ல (கண்ணாடியோட பவரை அளக்குற மெஷின்) வச்சு ஆக்ஸிஸ் 170ம் 10மா சரியா இருக்கா, கண்ணுக்கு நடுவுல இருக்குற தூரம் சரியா எடுத்திருக்காங்களான்னு உங்க முன்னாடியே பார்க்கச் சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்தும் முடியலன்னா சிலிண்டரைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுட்டு சில மாசம் கழிச்சு முழுசுக்கு ஏத்துறதும் வழக்கமா செய்றதுதான். பிரேம் பெருசா, மூக்குல இருந்து தள்ளி நிக்குற மாதிரி எடுத்திருந்தா சாய்வு கூடுதலா தெரியும்.

செக் பண்ணும்போது நீங்க செய்யக்கூடியதும் ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் செக்கப்னு சொல்ற அந்த மெஷின் குடுக்குறது ஒரு ஆரம்பப் புள்ளி மட்டும்தான், அந்தப் பிரிண்ட்டை அப்படியே கண்ணாடியா போடக்கூடாது. அதுக்கப்புறம் ஒரு கைப்பிடி லென்ஸைத் திருப்பித் திருப்பி "ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா"ன்னு கேப்போம் இல்லையா, அதுல முதல்ல திசையைப் பிடிப்போம், அப்புறம் அளவைப் பிடிப்போம். நிறையப் பேர் தப்பா சொல்லிடுவோமோன்னு பயந்து ஏதாவது ஒண்ணைச் சொல்லிடுவாங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒரே மாதிரி இருக்குன்னே சொல்லுங்க, நாங்க தேடிகிட்டு இருக்குற பதிலே அதுதான், ரெண்டும் சமமா தெரியுற இடத்துலதான் ஆக்ஸிஸ் உட்காருது.

இது புது வியாதி இல்ல. இங்கிலாந்துல தாமஸ் யங் 1801லயே தன் கண்ணுல இதை அளந்து எழுதியிருக்கார், கண்ணைத் தண்ணிக்குள்ள வச்சு கார்னியாவோட வேலையை நிறுத்திப் பார்த்தும் குறை போகல, அதனால அவருக்கு அது உள் லென்ஸ்ல இருந்து வர்றதுன்னு கண்டுபிடிச்சார். 1825ல ஜார்ஜ் ஏரிங்கற வானியல் அறிஞர், அப்ப இருபதுகள்ல இருந்தவர், தன்னோட இடது கண்ணு படிக்கவே உதவலன்னு கவனிச்சு, அட்டையில ஊசித்துளை போட்டு, எந்தத் தூரத்துல அந்தப் புள்ளி எந்தத் திசையில கோடா மாறுதுன்னு தானே அளந்து, இப்ஸ்விச் ஊர்ல ஒரு கண்ணாடிக்காரர்கிட்ட சிலிண்டர் லென்ஸ் செஞ்சு வாங்கிப் போட்டார். இன்னைக்கு உங்க மூக்குல இருக்குறது அதே வழிதான், 200 வருஷமா வேலை செய்யுது.

எக்ஸர்சைஸ் பத்திக் கேட்டீங்க. கண்ணை உருட்டுறது, உள்ளங்கையைத் தேய்ச்சு வைக்கிறது, பன்னீர் விடறது, எதுவும் கார்னியாவோட வளைவை மாத்தாது. வளைவுதான் பிரச்சனைங்கறப்ப தசைக்குப் பயிற்சி குடுத்து என்ன ஆகப்போகுது. கண்ணாடி போட்டா பவர் ஏறும்ங்கறதும் பொய், போடலன்னா உங்க வயசுல கண்ணு கெட்டுடும்ங்கறதும் பொய். ஆனா சின்னப் பிள்ளைங்க விஷயம் வேற. அவங்களுக்கு இவ்வளவு சிலிண்டர் இருந்து கண்ணாடி போடாம விட்டா மூளை அந்தக் கண்ணுல இருந்து தெளிவாப் பார்க்கவே கத்துக்காது, சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றது, பின்னாடி கண்ணாடி போட்டாலும் முழுசா வராது. உங்க வீட்டுல தம்பி தங்கச்சி, அக்கா பிள்ளைங்க இருந்தா ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு செக் பண்ணிடுங்க, ஏன்னா இது குடும்பத்துல வர்றது உண்டு. இன்னார்க்கு ஏன் வருதுங்கறதுக்கு முழு விளக்கம் இன்னும் இல்ல, இமை அழுத்தம் ஒரு காரணம்னு ஒரு கருத்து இருக்கு, பரம்பரைக்குப் பங்கு இருக்கு, செல்போன் பார்த்துதான் சிலிண்டர் வந்துச்சுன்னு சொல்ல ஆதாரம் இல்ல. வாட்ஸ்அப்ல சுத்துற ஹெட்லைட் படம், லைட்டுல இருந்து நீளமா கோடு கிளம்பினா உங்களுக்கு அஸ்டிக்மாடிசம்னு போடுவாங்களே, அதை நம்பி முடிவு பண்ணாதீங்க. அழுக்கு விண்ட்ஷீல்டு, கீறல் விழுந்த கண்ணாடி, கண்ணீர் காஞ்ச கண்ணு எல்லாத்துக்கும் அப்படித்தான் தெரியும்.

சரி, கசக்குறதுக்கு வரேன். உங்க வயசுல சிலிண்டர் பவர்னதும் நாங்க ஒரு விஷயம் இருக்குமோன்னு மனசுக்குள்ள யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் கண்ணாடி எழுதுவோம், அது கெரட்டோகோனஸ். கார்னியா மெல்லிசாகி முன்னாடி கூம்பு மாதிரி துருத்த ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் பத்து வயசுகள்லயும் இருபதுகள்லயும் ஆரம்பிக்கும், அலர்ஜி இருந்து கண்ணைக் கசக்குறவங்கள்ட்ட அதிகம் பார்க்குறோம். கசக்குறதுதான் மூல காரணமா இல்ல ஏற்கனவே பலவீனமான கார்னியாவைக் கசக்குறது மோசமாக்குதாங்கறதுல டாக்டர்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு இருக்கு, ஆனா கசக்காதீங்கன்னு சொல்றதுல யாருக்கும் வேறுபாடு இல்ல. உங்க சீட்டுல இருக்குறது நல்ல செய்திதான்: ரெண்டு கண்ணும் கிட்டத்தட்ட சமம், ஆக்ஸிஸ் ஒண்ணு 170 ஒண்ணு 10னு, முகம் பார்க்குற கண்ணாடியில தெரியுற பிம்பம் மாதிரி எதிரெதிரா இருக்கு, இளவயசுல சாதாரணமா பார்க்குற அமைப்பு இது, கண்ணாடி போட்டதும் கடைசி வரி படிக்க முடிஞ்சிருக்கு. இதெல்லாம் சாதாரண சிலிண்டர் பக்கம்தான் சாயுது. ஆனா நான் உங்க கண்ணை நேர்ல பார்க்கல, கார்னியாவோட வடிவத்தை ஒரு சீட்டை வச்சு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, அதுக்கு கார்னியல் டோபோகிராபின்னு ஒரு ஸ்கேன் இருக்கு. தொடாம, வலிக்காம, சில நொடியில முடிஞ்சிடும், ஒரு கலர் மேப் வரும். அரிப்பும் கசக்குற பழக்கமும் இருக்குற ஒருத்தருக்கு இவ்வளவு சிலிண்டர் இருந்தா நான் அந்த ஸ்கேனை ஒரு தடவை எடுக்கச் சொல்லுவேன். உங்களுக்கும் சொல்றேன். ஒருவேளை ஏதாவது ஆரம்பநிலையில தெரிஞ்சா ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு அல்ட்ரா வயலட் காட்டி கார்னியாவை இறுக்குற கிராஸ் லிங்கிங் சிகிச்சை இருக்கு, பெரும்பாலானவங்களுக்கு அது மேல போகாம நிறுத்துது, ஆனா போன வடிவத்தை முழுசா திருப்பிக் குடுக்காது. அதனாலதான் சீக்கிரம் பார்க்கணும்ங்கறேன். அரிப்புக்கு டாக்டர்கிட்ட அலர்ஜி சொட்டு மருந்து வாங்குங்க, மெடிக்கல்ல தானா கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீங்க, அது கண் பிரஷரை ஏத்தி வேற நஷ்டத்துல விட்டுடும். அரிக்கும்போது மூடின இமை மேல குளிர்ந்த ஈரத்துணி வைங்க, விரல் முட்டியால அழுத்தித் தேய்க்கிற பழக்கம் இருந்தா அதை முதல்ல விடுங்க.

லேசருக்கும் இதே ஸ்கேன்தான் வாசல். 18 வயசு தாண்டி, பவர் ஒரு வருஷமாவது மாறாம இருந்து, கார்னியா போதுமான தடிமனா, வடிவம் ஒழுங்கா இருந்தா உங்க அளவு சிலிண்டரை லாசிக், பிஆர்கே, ஸ்மைல்னு இருக்குற லேசர் முறைகள் எதுலயும் சரி பண்றாங்க. உங்களுக்கு ஒரு வருஷ ரெக்கார்டு இன்னும் இல்ல, சிலிண்டரே இப்பதான் எழுத்துல வந்திருக்கு, அதனால இப்பவே அவசரப்படாதீங்க. ஸ்கேன்ல சந்தேகம் இருக்குற கார்னியாவுல லாசிக் பண்ணினா இன்னும் பலவீனமாகி துருத்திக்கும், அதனால ஸ்கேன் எடுக்காமலே தேதி குடுக்குற இடமா இருந்தா எழுந்து வந்துடுங்க. அலர்ஜி அடங்காம, கண்ணு காய்ஞ்சு இருக்கும்போதும் லேசர் நல்லதில்ல.

காண்டாக்ட் லென்ஸ்னா உங்களுக்கு டோரிக் லென்ஸ் கேக்கணும். சாதாரண லென்ஸ் கண்ணுல சுத்திகிட்டே இருக்கும், டோரிக்ல அடிப்பக்கம் கொஞ்சம் தடிமனா வச்சு சிலிண்டரோட திசை மாறாம நிறுத்தியிருப்பாங்க, லென்ஸ்ல ஒரு சின்னக் கோடு இருக்கும், கண்ணுல போட்டு அந்தக் கோடு எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் பவர் முடிவு பண்ணணும். கண்ணாடிச் சீட்டை வச்சு ஆன்லைன்ல ஆர்டர் பண்ற விஷயம் இல்ல இது. அரிப்பு கட்டுக்குள்ள வராம லென்ஸ் போடவும் வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியதுன்னா கடைக் கண்ணாடியை ரெண்டு வாரம் விடாம போடுங்க, அதுக்குள்ள டோபோகிராபி இருக்குற ஒரு கண் ஆஸ்பத்திரியில அப்பாயின்ட்மென்ட் வாங்கி, கண்ணைக் கசக்குற பழக்கம் இருக்குன்னு அவங்க கேக்காமலே சொல்லுங்க. ஸ்கேன் பிரிண்ட்டையும் ரெண்டு சீட்டையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க, ஆறு மாசம் கழிச்சு அதே இடத்துல திரும்பப் பாருங்க. சிலிண்டர் கால், அரைன்னு ஆடினா அது அளக்குறதுல வர்ற வித்தியாசமாவே இருக்கலாம், ஒண்ணுக்கு மேல ஏறினாலோ, ஆக்ஸிஸ் நல்லா திரும்பியிருந்தாலோ, கண்ணாடி போட்டும் கடைசி வரி மங்கினாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம கார்னியா டாக்டரைப் பாருங்க. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் பேரை மறைச்சுட்டு இங்கயே போடுங்க, அதுல இருக்குற நம்பர் எது என்னன்னு உக்காந்து விளக்கிச் சொல்றேன்.